மழையின் மேல் போட்ட பழி

கல்லுமேடு எஸ்டேட்,
வித்துரா வழி
3.3.2024

கர்த்தருக்குள் பிரியமுள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி லீலாபாய் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் மகள் ஷாலுவும் சுகம். மைனியும் உங்கள் மகன் அபினும் சுகம். உங்கள் மச்சானுக்குத்தான் இருமல் காலையில் வருகிறது, வெயில் ஏறினால் போய்விடுகிறது. செக்ரட்டேரியட் வாசலில் பந்தல் போட்டுக் கிடக்கும் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? கால் வீக்கம் வற்றியதா?

இங்கே போனுக்கு ரேஞ்சு வேண்டுமென்றால் பாறை மேல் ஏறி நின்று பேச வேண்டும். பேசினால் பாதி எஸ்டேட் கேட்கும். அதனால் இந்த வாரம் பந்தலில் தன் முறைக்கு உட்கார வருகிற ரோஸிடம் இந்தக் கடிதத்தையும் கொஞ்சம் மரச்சீனிக் கிழங்கையும் கொடுத்து விடுகிறேன்.

கம்பெனி தோட்டத்தை ரிசார்ட்டுக்காரர்களுக்கு விற்றது உறுதியாகிவிட்டது. போன வாரம் சூப்பர்வைசர் வந்து நாம் குடியிருக்கிற லயத்துச் சுவர்களில் எல்லாம் பெயிண்டால் நம்பர் போட்டுவிட்டுப் போனான். முதலில் ஆளில்லாத லயங்களை ஜேசிபி வைத்து இடிப்பார்களாம். பிறகு ஆள் இருக்கிற லயங்கள். நம் லயத்துக்கு ஏழாம் நம்பர். இறங்கு என்றால் எங்கே இறங்குவது? பாட்டன் வந்தது திருநெல்வேலியிலிருந்து என்கிறார்கள், அங்கே நமக்கு ஒரு கல்லறைகூட இல்லை.

போராட்டம் நடத்துகிற நம் சமர சமிதிக் கூட்டத்தில் அபின் எழுந்து, "அப்பா அங்க குத்தவச்சிருக்காரு, எந்த மந்திரி வந்து எட்டிப் பாத்தாரு, சொல்லுங்க" என்று கேட்டான். நான் உங்களுக்காகத்தான் பேசினேன். பேசி முடித்தபோது எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. அழுத பிள்ளைக்குப் பால் கிடைக்கும் என்பார்கள். நாம் அழுது தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

பதில் எழுதவும். ஜெபத்தில் நினைத்துக்கொள்ளவும்.

தங்கள் தங்கச்சி,
லீலாபாய்

~

சமரப் பந்தல்,
திருவனந்தபுரம்
12.3.2024

அன்புள்ள தங்கச்சி லீலாவுக்கு,

அண்ணன் ராஜமணி எழுதுவது. நான் நலம். கால் வீக்கம் ராத்திரியில் மட்டும்தான். கிழங்கு வந்தது. அடுத்த பந்தல்காரர்களுக்கும் அவித்துக் கொடுத்தோம். அவர்கள் சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதி, பிஎஸ்சி ரேங்க் லிஸ்டில் பெயர் வந்தும் வேலை கிடைக்காத பிள்ளைகள். முந்தாநாள் முட்டி போட்டே நடந்து சமரம் செய்தார்கள். ஒருத்திக்கு முட்டி கிழிந்துவிட்டது, இங்கிருந்த மஞ்சள் பொடியை வைத்துக் கட்டினேன். மச்சானை வெந்நீர் குடிக்கச் சொல்.

அபினிடம் சொல். வீட்டுக்கும் மூன்று சென்ட் மண்ணுக்கும் நம் பெயரில் பட்டயம் என்ற நம் கோரிக்கை இப்போது இரண்டாவது மாடியில் இருக்கிறதாம். ரெவின்யூ செக்‌ஷனில் இருக்கிற ஒரு சார் சொன்னார். ஃபைல் படி ஏறுவதற்கு நேரமாகும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஒரு விஷயம். போன வியாழக்கிழமை முறைக்கு யாரும் வரவில்லை. நான் மூத்திரம் போக எழுந்திருந்தால் இடத்தை வேறு சமரக்காரன் பிடித்திருப்பான். எட்டாம் லயத்துக்காரர்களிடம் கண்டிப்பாகச் சொல். ஒரு நாள் ஆளில்லாவிட்டாலும் போலீஸ் பந்தலைப் பிரித்துவிடும்.

அன்புடன்,
ராஜமணி

~

கல்லுமேடு
20.5.2024

கர்த்தருக்குள் பிரியமுள்ள அண்ணனுக்கு,

தோத்திரம். எல்லோரும் சுகம். மச்சான் வெந்நீர் குடிக்கிறார், கூடவே பீடியும் குடிக்கிறார். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

பூமியை ஆள யாருக்கு வேண்டும் அண்ணா? மூன்று சென்ட் போதும். முந்தின வாரம் ஜேசிபி ஏறி வந்து இரண்டாம் நம்பர் லயத்தையும் மூன்றாம் நம்பரையும் தட்டிவிட்டது. காலையில் இருந்த சுவர் மத்தியானம் இல்லை. ஆளில்லாத லயம்தான், ஆனாலும் மாடம்மாள் அங்கே நின்று ஓவென்று அழுதாள், அவள் அங்கேதான் எட்டுப் பிள்ளை பெற்றாள். வண்டியை ரிப்பேருக்குக் கீழே கொண்டுபோயிருக்கிறார்கள். மழை பிடிப்பதற்குள் திரும்ப வந்து மிச்சத்தை முடிப்பார்களாம்.

பையன்கள் ஒரு யோசனை சொல்கிறார்கள். பாறையோடையின் மேல் ரோட்டைத் தாங்கிக்கொண்டு நிற்கிறதே கலுங்கு, அது அடியில் ஏற்கெனவே அரித்துத்தான் கிடக்கிறது. நாலு பேர் கடப்பாரையோடு இறங்கினால் ஒரு ராத்திரி வேலை. கலுங்கு இல்லையென்றால் ஜேசிபி ஏறாது. ஒரு ஆள் மேலும் கை படாது. கல்லையும் சிமெண்டையும் உடைப்பது அக்கிரமம் என்றால், ஆள் குடியிருந்த வீட்டை உடைப்பதற்குப் பெயர் என்ன?

நான் சரி என்று சொல்லிவிட்டேன். உங்களிடம் மறைத்துச் செய்ய மனசு வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பது உங்களைப் பற்றிச் சொன்னதில்லை, கோபப்பட வேண்டாம்.

தங்கச்சி,
லீலாபாய்

~

சமரப் பந்தல்
27.5.2024

அன்புள்ள லீலாவுக்கு,

நான் நலம். உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் ஆவல்.

வேண்டாம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், கடிதத்தைப் பாதியில் மடித்து வைப்பாய் என்று எனக்குத் தெரியும்.

நேற்று இங்கே மாணவர்கள் ஊர்வலம் வந்தார்கள். எத்தனையோ நூறு பேர், மணிக்கணக்காகக் கோஷம். கடைசியில் ஒருவன் ஒரு கல்லை எறிந்தான், ஒரு போலீஸ்காரருக்கு நெற்றி பிளந்தது. உடனே தண்ணீர் பீரங்கி, கண்ணீர்ப்புகை, எங்கள் பந்தலிலும் எல்லோருக்கும் கண் எரிந்தது. இன்றைக்குப் பத்திரிகையில் அந்தக் கல் மட்டும்தான் இருக்கிறது. அவர்கள் என்ன கேட்டு வந்தார்கள் என்று ஒரு வரி இல்லை. போலீஸின் தொழிலே அடிதடி. அவர்கள் தொழிலில் போய் அவர்களோடு போட்டி போட்டால் நாம் ஜெயிப்போமா? நாம் சும்மா உட்கார்ந்திருந்தால்தான் என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியாது.

அந்த ரோடு கம்பெனிக்கு மட்டும் உள்ளதல்ல. பால் ஜீப்பு வருகிறது, பஸ் வருகிறது. கல்லை உடைக்கும்போது அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று கல்லுக்குத் தெரியாது. அபினிடம் நான் சொன்னதாகச் சொல்.

அண்ணன்,
ராஜமணி

~

கல்லுமேடு
24.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தோத்திரம். சுகம். மழை நன்றாகப் பிடித்துவிட்டது.

உங்கள் கடிதம் கிடைத்தது. அது கையில் இருக்கும்போதே காரியம் நடந்துவிட்டது. பாறையோடைக் கலுங்கை மழை கொண்டுபோய்விட்டது என்றுதான் இங்கே சின்னப் பிள்ளைகள் முதற்கொண்டு சொல்கிறார்கள். நீங்களும் அப்படியே சொல்லவும்.

ரோடு அறுந்ததற்கு அடையாளமாக ஒரு துணி கட்ட வேண்டும் என்று நான் சொன்னேன். எந்தத் துணி என்பதில் சண்டை வந்துவிட்டது. சிவப்பு கட்டினால் செங்கொடி யூனியன்தான் செய்தது என்று போலீஸ் அவர்களைத் தேடும் என்றார்கள். காவி, பச்சை, நீலம், எதைச் சொன்னாலும் ஒருவன் எழுந்து எங்கள் கொடி என்றான். கலுங்கை உடைக்க எடுத்ததில் பாதி நேரம் இந்தச் சண்டையில் போனது. கடைசியில் எந்தக் கட்சிக்கும் சேராத வெள்ளை வேட்டித் துணியைக் கிழித்து ஒரு கம்பில் கட்டினோம். விடிந்தபோது பார்த்தால் பனி அதைவிட வெள்ளையாக இருந்தது.

ரோடு பார்க்க பைக்கில் முன்னால் வந்த ஜேசிபி ஆபரேட்டர் ஒருவன் ஓடைக்குள் விழுந்துவிட்டான். வித்துராக்காரன், ஹரிகுமார் என்று பெயர். காலில் அடி. கம்பிளியில் போட்டுத் தூக்கி மறுபக்கம் சேர்த்து ஜீப்பில் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம்.

வேறு விசேஷம் இல்லை.

லீலாபாய்

~

சமரப் பந்தல்
15.7.2024

அன்புள்ள லீலாவுக்கு,

நான் நலம், ரொம்ப நலம். எங்கள் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்.

கலுங்கு போன செய்தி தெரிந்து பத்திரிகைக்காரர்கள் நடந்தே மேலே வந்தார்கள் அல்லவா, அந்தப் படங்கள்தான் எல்லாம் செய்தன. மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டுகிற பெண்கள், ஒழுகுகிற லயம், இடித்துப் போட்ட சுவர். செவ்வாய்க்கிழமை மந்திரி எங்களைக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்கார வைத்து, டீயும் பழம்பொரியும் கொடுத்துப் பேசினார். மழை முடியும் வரை இடிக்கக் கூடாது, சர்வே நடத்தி நூற்றுப் பன்னிரண்டு குடும்பத்துக்கும் பட்டயம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். ரிசார்ட்டுக்காரர்களும் பின்வாங்கிவிட்டார்கள்.

ராத்திரி பந்தலில் படுத்து யோசித்தேன். பத்தொன்பது மாதம் இங்கே உட்கார்ந்தேன். காக்காய்தான் வந்து எட்டிப் பார்த்தது. நீங்கள் ஒரு ராத்திரி கடப்பாரை எடுத்தீர்கள், மந்திரி பழம்பொரி கொடுக்கிறார். அண்ணன் தோற்றுவிட்டேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. நீ சொன்னதுதான் சரி.

அந்த ஆபரேட்டர் பையனுக்கு இப்போது எப்படி? கால் தேறிவிட்டதா? மச்சானின் இருமல் எப்படி? எல்லாவற்றுக்கும் எழுது.

அண்ணன்,
ராஜமணி

~

கல்லுமேடு
11.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தோத்திரம். சுகம். மச்சானின் இருமல் மழையோடு ஏறியிருக்கிறது, வித்துரா ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கிக் கொடுத்தேன். ஷாலு நர்சிங் சேர்ந்துவிட்டாள். இந்தக் கடிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதென்ன எழுத்து, எனக்கு வாயிக்கவே பற்றல" என்கிறாள். மலையாளம் படித்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறதாம். அதுவும் நல்லதுதான்.

சர்வேக்காரர்கள் வந்தார்கள். கலுங்குக்குப் பதில் இரும்புத் தகடு போட்டு ஜீப்பு மட்டும் போக வழி செய்திருக்கிறார்கள். ஏழாம் லயத்தை அளந்தபோது மச்சான் அடுப்பங்கரைக்குப் பின்னால் நிற்கிற வாழையும் நம் மூன்று சென்டுக்குள் வருமா என்று நாலு தரம் கேட்டார். வரும் என்றார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அவர் பீடி குடிக்கவில்லை. மைனி நம் சுவரில் இருந்த நம்பரைச் சுண்ணாம்பு வைத்து அழித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வித்துரா வரை போய் வருகிறேன். வேறு எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

லீலாபாய்

~

சமரப் பந்தல்
25.8.2024

அன்புள்ள லீலாவுக்கு,

நான் நலம். ஷாலு சேர்ந்தது சந்தோஷம்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. ரோஸ் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. அந்த ஆபரேட்டர் பையனுக்கு முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்களாமே. நீ ஞாயிறுதோறும் அந்த வீட்டுக்குத்தான் போகிறாயாம். அவன் விழுந்ததும் முதலில் ஓடைக்குள் இறங்கி, உன் தலைத்துணியால் கட்டுப்போட்டு ரத்தத்தை நிறுத்தியது நீதானாம். இதை ஏன் எனக்கு எழுதவில்லை? இங்கே எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

வருத்தமான விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் லீலா, உலகத்தில் எங்கே ரத்தம் சிந்தாமல் ஏழைக்கு மண் கிடைத்திருக்கிறது? ஒரு பக்கம் ஒரு கால், இன்னொரு பக்கம் நூற்றுப் பன்னிரண்டு வீடு. மனசைத் தேற்றிக்கொள். ஜனவரியில் பட்டய மேளா நடத்துவார்கள் என்று பேச்சு. அது கையில் வந்ததும் எல்லோருமாகச் சேர்ந்து அவனுக்கும் ஏதாவது செய்யலாம்.

அண்ணன்,
ராஜமணி

~

கல்லுமேடு
6.10.2024

பிரியமுள்ள அண்ணனுக்கு,

தோத்திரம். சுகம். ஒரு மாதத்துக்கு மேல் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

ஒரு பக்கம் ஒரு கால், இன்னொரு பக்கம் நூற்றுப் பன்னிரண்டு வீடு என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கணக்கை ஹரிகுமார் போட்டால் சரி. இரண்டு காலையும் வைத்துக்கொண்டு நாம் போடக் கூடாது.

அவன் வீடு வித்துரா சந்தைக்குப் பின்னால் இருக்கிறது. வாடகை வீடு. பெண்சாதி ஆர்யா ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். நான் போனால் சேச்சி, சேச்சி என்று இரண்டு பேரும் எழுந்துகொள்வார்கள். அவனும் எழுந்துகொள்வான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. டீ போட்டுத் தருவார்கள். போன வாரம் ஒரு சக்கைப்பழம் முழுதாகத் தந்து, "சேச்சி இல்லெங்கில் இவரு அன்னைக்கே தீர்ந்து போயேனே" என்றாள் ஆர்யா. பழத்தை எஸ்டேட் வரை சுமந்துகொண்டு வந்தேன். வாயில் வைக்க முடியவில்லை.

இப்போது என்ன நிலைமை என்றால், ஜேசிபி ஓட்ட அவனை வைத்திருந்த காண்ட்ராக்டர், நான் இவனை அனுப்பவே இல்லை, அன்றைக்கு வேலையே இல்லை, இவன் தன் சொந்தக் காரியமாகப் போய் மழையில் உடைந்த கலுங்கில் விழுந்தான் என்று சொல்லிவிட்டான். வேலைக்கு வந்து விழுந்தான் என்று நிரூபித்தால்தான் லேபர் கோர்ட்டில் நஷ்டஈடு. சாட்சிக்கு ஆள் இல்லை என்று ஹரிகுமாரின் வக்கீல் கையை விரித்துவிட்டார்.

ஆள் இருக்கிறது அண்ணா. நான் அங்கே இருந்தேன்.

வேலை முடிந்து பையன்கள் மேலே போனார்கள். நான் போகவில்லை. வெள்ளைத் துணி பனியில் தெரியவில்லை, பால் ஜீப்பு வந்தால் கை காட்டி நிறுத்த வேண்டும் என்று ஈட்டி மரத்தின் மறைவில் நின்றேன். விடிகிற நேரத்தில் கீழ் வளைவில் ஒரு காரும் ஒரு பைக்கும் வந்து நின்றன. காண்ட்ராக்டர் பேசியது தெளிவாகக் கேட்டது. "ஹரீ, நீ போயி ரோடு நோக்கிட்டு வா. வண்டி கேறுமோன்னு பாத்துச் சொல்லு" என்றான். பைக் கிளம்பி மேலே வந்தது.

நான் கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் நான் நிற்பது தெரிந்துவிடும், பையன்கள் மாட்டிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். மெதுவாகத்தானே வருகிறான், பார்த்து நிறுத்திவிடுவான் என்றும் நினைத்தேன். கம்பெனி ஆள்தானே என்றும் நினைத்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். இத்தனையும் நினைத்து முடிப்பதற்குள் அவன் விழுந்துவிட்டான். சத்தம் கேட்டதும் காண்ட்ராக்டர் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். நான் இறங்கினேன்.

கலுங்கை உடைத்ததற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. உடைக்காவிட்டால் நம் லயம் இன்று இல்லை. அதையும் பொய்யில்லாமல் சொல்கிறேன். ஆனால் ஒரு ஆள் மேலும் கை படாது என்று உங்களுக்கு எழுதியவள் நான். கை படவில்லைதான். வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், அதைச் செய்யவில்லை.

நவம்பரில் விசாரணை. நான் சாட்சி சொல்லப் போகிறேன்.

தங்கச்சி,
லீலாபாய்

~

சமரப் பந்தல்
12.10.2024

லீலாவுக்கு,

நலம். கடிதத்தைப் படித்ததும் எழுதுகிறேன். ரோஸ் இன்றைக்கே திரும்புகிறாள்.

அவசரப்படாதே. சாட்சி சொல்லாதே என்று சொல்லவில்லை, இப்போது சொல்லாதே என்கிறேன். நீ கூண்டில் ஏறி அங்கே நின்றேன் என்றால், விடிகாலையில் உனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பார்கள். கலுங்கு கதை முழுதும் வெளியே வரும். மழை என்று ஃபைல் மூடியாகிவிட்டது. சர்க்காருக்கும் மழைதான் சௌகரியம், நாலு பேர் உடைத்ததற்குப் பயந்து பட்டயம் கொடுத்ததாக அவர்களால் சொல்ல முடியுமா? நீ வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவைப்பார்கள். மாடம்மாளை நினைத்துப் பார். உன் வீட்டுக்காரரின் வாழையை நினைத்துப் பார்.

ஜனவரி வரை மூன்று மாதம். கேஸை வாய்தா வாங்கச் சொல்லலாம், அந்த வக்கீலை எனக்குத் தெரியும். சமிதியின் செயலாளர் என்ற முறையில் இதைக் கேட்டுக்கொள்கிறேன்.

ராஜமணி

~

கல்லுமேடு
1.12.2024

பிரியமுள்ள அண்ணனுக்கு,

தோத்திரம். நான் சுகம். மச்சானும் ஷாலுவும் சுகம்.

உங்கள் கடிதத்தில் மாடம்மாளின் பெயர் இருந்தது, வாழை மரம் இருந்தது. அபினின் பெயர் இல்லை. கடப்பாரை பிடித்த முதல் கை அவனுடையது என்று உங்களுக்குத் தெரியும். அதை நீங்கள் எழுதியிருந்தால் நான் இன்னும் நாலு நாள் கூடுதலாக யோசித்திருப்பேன். ஒரு தகப்பன் கேட்டால் மறுப்பது கஷ்டம். செயலாளர் கேட்டதால் மறுத்துவிட்டேன்.

வாய்தா கேட்க நீங்கள் வக்கீலுக்குச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று ஆர்யா அழுதாளாம், வாடகை நாலு மாதம் பாக்கி.

கோர்ட்டில் காண்ட்ராக்டர் சொன்ன வார்த்தையைச் சொன்னேன். கார் நின்ற இடம், நிறம், எல்லாம் சொன்னேன். அவன் பக்கத்து வக்கீல் எழுந்தார். அந்த நேரத்தில் நீ அங்கே ஏன் நின்றாய் என்றார். கலுங்கை நாங்கள் உடைத்தோம், காவலுக்கு நின்றேன் என்றேன். நாங்கள் என்றால் யார் யார் என்றார். என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், மற்றவர்கள் பெயரை அவர்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். பிறகு அவர், பைக் வருவதைப் பார்த்தாய் அல்லவா, ஏன் சத்தம் போடவில்லை என்று கேட்டார். இந்தக் கேள்வி வரும் என்று எனக்கு முதலிலேயே தெரியும். "சத்தம் போட்டா காரியம் கெட்டுப்போகும்னு நெனச்சேன் சார்" என்றேன். ஹரிகுமார் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு முதல் பெஞ்சில் இருந்தான். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வெளியே வராந்தாவில் அவன்தான் என்னைக் கூப்பிட்டான். அடிப்பான் என்றுகூட நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. "சேச்சி, அன்னைக்கு விழுந்து கெடந்து ஒரு விளி விளிச்சேன். ரெண்டாமத்த விளிக்கு முன்ன நீங்க எறங்கி வந்தாச்சு. அந்தப் பக்கம் ஒரு வீடு இல்லல்லோ. அன்னைக்கே எனக்கு மனசிலாச்சு, நீங்க அங்கதான் நின்னீங்கன்னு" என்றான்.

"பின்ன ஏன் தம்பி இத்தன நாளும் கேக்கல?" என்றேன்.

"நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

அண்ணா, நீங்கள் செக்ரட்டேரியட் வாசலில் இருந்தது எனக்குச் சமரமாகவே தெரியவில்லை. அவன் ஐந்து மாதம் என் முன்னால் இருந்திருக்கிறான், ஞாயிறுதோறும், டீயும் கொடுத்துக்கொண்டு. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு வரட்டுமா என்று கேட்டேன். ஆர்யா என் முகத்தைப் பார்க்காமல் அவனுக்கு ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தாள்.

அவன் வேலைக்குத்தான் வந்தான் என்று கோர்ட் ஏற்றுக்கொண்டது. தொகையை அடுத்த வாய்தாவில் சொல்வார்கள். மறுநாள் போலீஸ் என்னைக் கொண்டுபோய், இரண்டு ஜாமீனில் விட்டது. ஜாமீனுக்கு எஸ்டேட்டில் ஒருவரும் வரவில்லை, வித்துரா பாஸ்டர் ஐயாவும் டீக்கடை லிபியும் நின்றார்கள். ரோஸ் என்னோடு பேசுவதில்லை. குழாயடியில் நான் குடம் வைத்தால் பேச்சு நின்றுவிடுகிறது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அபின் நேற்று வந்து வாசலில் நின்றான். உள்ளே வாலே என்றேன். வரவில்லை, போகவும் இல்லை, ரொம்ப நேரம் நின்றான்.

உங்களுக்கும் கோபம் இருந்தால் பதில் எழுத வேண்டாம்.

தங்கச்சி,
லீலாபாய்

~

திருவனந்தபுரம்
30.1.2025

அன்புள்ள தங்கச்சி லீலாவுக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். மச்சான், ஷாலு, உன் நலத்துக்கு ஆவல். இரண்டு மாதம் பதில் எழுதாதது கோபத்தால்தான். பிறகு அது கோபம் இல்லை என்று தெரிந்தது, தெரிந்த பிறகு எழுதக் கூச்சமாக இருந்தது. அபினின் பெயரை நான் எழுதவில்லை என்று சொன்னாயே. ஐந்து தரம் எழுத எடுத்தேன். எழுதினால் நானும் மற்றவர்களைப் போல என் பிள்ளைக்காகக் கேட்கிறவன் ஆகிவிடுவேன். செயலாளர் பட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

பட்டய மேளா சனிக்கிழமை நடந்தது. நாம் பயந்த மாதிரி நிறுத்தவில்லை. மந்திரியே வந்து பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார். மாடம்மாள் வாங்கும்போது கை தவறிக் கீழே போட்டுவிட்டாள், மந்திரி குனிந்து எடுத்துக் கொடுத்தார், எல்லோரும் கைதட்டினார்கள். ஏழாம் லயத்தில் உன் பெயரைக் கூப்பிடவில்லை. மேடைக்குப் போய்க் கேட்டேன். கேஸ் முடியும் வரை அந்த ஒரு வீட்டை மட்டும் நிறுத்திவைத்திருப்பதாக ஆபீசர் சொன்னார். கேஸ் எப்போது முடியும் என்று கேட்டேன். அவர் அடுத்த பெயரைப் பார்க்கப் போய்விட்டார்.

நூற்றுப் பதினொரு பேரும் பட்டயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வேன் ஏறினார்கள். யாரும் உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. அபின் மட்டும் ஏறவில்லை. கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்து, "அப்பா, நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றான். போகாதே என்று சொல்ல வாய் எடுத்தேன். சாப்பிட்டுவிட்டுப் போ என்றுதான் சொன்னேன். இப்போது அவன் ரிமாண்டில் இருக்கிறான். ஜாமீனுக்கு மனு போட்டிருக்கிறோம். உன் மைனி என்னோடு பேசுவதில்லை.

நான் ஊருக்கு வரவில்லை லீலா. பழைய இடத்தில் ஒரு பாயை விரித்து உட்கார்ந்திருக்கிறேன். முறைக்கு வர ஆள் இல்லை, அதனால் மூத்திரம் போகும்போது பக்கத்து ரேங்க் லிஸ்டுப் பிள்ளைகள் பாயைப் பார்த்துக்கொள்கிறார்கள். வாசலில் நிற்கிற போலீஸ்காரர், "சமரம் தீர்ந்நல்லோ சேட்டா, இனி எந்தா?" என்று கேட்டார். ஒரு வீடு பாக்கி இருக்கிறது என்றேன். ஒரு வீட்டுக்கு ஒரு சமரமா என்று சிரித்தார்.

உட்கார்ந்தால் கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இப்போது இல்லை. உடைத்தால் கிடைக்கும் என்று நன்றாகத் தெரியும். அது தெரிந்துவிட்டதால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வெயில் அவ்வளவாக இல்லை. என் உடம்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அன்புள்ள அண்ணன்,
ராஜமணி